முடக்குவாதமும் கன்னியா வெந்நீரும்

கேள்வி: நிலாவெளியில் வசிக்கும் எனக்கு 44 வயது. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. முடக்குவாதம் என்று மெதோட்ரெக்ஸேட் குளிசை தந்து ஐந்து வாரமாகியும் பெரிய சுகமில்லை. குளிசை ஈரலைக் கெடுக்கும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் போதும் என்கிறார் மாமி. குளிசையை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். மெதோட்ரெக்ஸேட் உடனே நோவைக் குறைக்கும் மருந்தன்று. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையென்று தாக்குவதைத் தணிப்பது அதன் வேலை என்பதால், பலன் தெரியப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் செல்லும். இடையில் நிறுத்தினால் அழற்சி உள்ளே தொடர்ந்து எலும்பை அரிக்கும். அரிபட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

மாமியின் அச்சத்திலும் நியாயமுண்டு. இம்மருந்து ஈரலைப் பாதிக்கலாம், இரத்த அணுக்களைக் குறைக்கலாம். அதனால்தான் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். அதைவிட நான் அஞ்சுவது வேறொன்றை: இது வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் குளிசை, நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். கிழமையைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். இதனுடன் தரப்படும் போலிக் அமிலம் (folic acid) என்ற விற்றமின் குளிசையை வைத்தியர் சொன்ன வேறு நாளில் எடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் கண்டால் அடுத்த குளிசையை எடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் கோ-டிரைமொக்ஸசோல் இதனுடன் சேரக்கூடாது. ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் கொப்பியைக் காட்டுங்கள். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பிருந்தால் அதையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

கன்னியாவுக்குத் தாராளமாகப் போகலாம். வெந்நீரின் சூடு காலை விறைப்பைத் தளர்த்தும், ஆனால் நோயின் போக்கை மாற்றாது. வீட்டில் ஒரு பேசின் வெதுவெதுப்பான நீரில் கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி விரித்தாலும் அதே இதம் கிடைக்கும். மூட்டு சிவந்து கொதிக்கும் நாட்களில் மட்டும் சூட்டைத் தவிர்த்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். ஒன்று கவனித்திருக்கிறேன்: அந்த ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளித்தான் குளிக்கிறார்கள், நிறைந்த வாளியின் மெல்லிய கம்பிப்பிடி வீங்கிய விரல்களை இழுத்து வதைக்கும். அள்ளி ஊற்றும் வேலையை மாமியிடம் விடுங்கள். விரல் வீக்கம் வற்றும்வரை இடியப்ப உரலையும் அவரே பிழியட்டும்.