அப்பாவின் சவரக்கத்தியும் கழுத்தில் வரும் பருக்களும்

கேள்வி: வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மானிப்பாயில் வசிக்கும் 46 வயது ஆசிரியர். ஆறு வருடங்களாக நீரிழிவுக்கு மெற்போமின் எடுத்து வருகிறேன். மூன்று அலகு பொருத்திய றேசரால் நாள்தோறும் சேவ் எடுக்கிறேன். தாடைக்குக் கீழும் கழுத்திலும் சிறு சிறு பருக்கள் எழும்பி, பிறகு கறுத்த அடையாளங்களாக நின்றுவிடுகின்றன. பாமசியில் வாங்கிய கிறீமைப் பூசினால் அடங்குகிறது. விட்டால் மீண்டும் வருகிறது. காலமான என் அப்பா வாழ்நாள் முழுவதும் மடக்குச் சவரக்கத்தியால்தான் சேவ் எடுத்தார். அவருடைய கழுத்தில் ஒரு பருவைக்கூட நான் கண்டதில்லை. அந்தக் கத்தி, தீட்டும் தோல்வாருடன் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதை டெட்டோலில் ஊறவைத்துவிட்டுப் பாவிக்கலாமா? அல்லது ஒற்றை பிளேட் போடும் பழைய மாதிரி றேசருக்கு மாறுவது நல்லதா? 17 வயது மகனும் சேவ் எடுக்கத் தொடங்கியிருக்கிறான். இருவரும் ஒன்றையே பாவிக்கலாமா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் பார்க்கும்போது, உங்கள் கழுத்தில் எழும்புபவை இளவயதில் வரும் முகப்பருக்களாகத் தெரியவில்லை. வெட்டிய முடி திரும்பவும் தோலுக்குள் நுழைவதால் உண்டாகும் வீக்கங்களாகவே அவை பெரும்பாலும் இருக்கும். மருத்துவத்தில் இதற்குச் சூடோபொலிக்குலைற்றிஸ் பார்பே என்று பெயர். சுருள்முடி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்றாலும், தலைமுடி நேராக வளரும் பலருக்கும் தாடைக்குக் கீழே முடி சாய்ந்தும் வளைந்தும் வளர்வதுண்டு. அப்படி வளரும் முடியைச் சரிவாக வெட்டும்போது அதன் நுனி ஊசிபோலக் கூராகிவிடுகிறது. ஓரிரு நாட்களில் அது வளைந்து வந்து பக்கத்துத் தோலைத் துளைக்கிறது. தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடியோ வெளியே தலைகாட்டாமலேயே தன் குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வளர்கிறது. காலில் முள் ஏறினால் உடல் எப்படி எதிர்க்குமோ அப்படியே இந்த முடியையும் எதிர்க்கிறது. சிவத்தலும் வீக்கமும் அதனால் வருபவை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் வீக்கம் ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதும் அதனால்தான்.

இப்போது உங்கள் மூன்று அலகு றேசரைப் பற்றிச் சொல்கிறேன். கிங் கேம்ப் ஜில்லெற் என்ற அமெரிக்கர் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்த றேசரில் தோலைத் தொடுவது ஒரே ஒரு விளிம்புதான். நீங்கள் 'பழைய மாதிரி' என்று சொல்லும் றேசர் அதன் வழிவந்தது. இரண்டு அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய றேசர் 1971இல் வந்தது. அதில் முன்னால் செல்லும் அலகு முடியை வெட்டும்போதே சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் அலகு இன்னும் ஆழத்தில் வெட்டிவிடுகிறது. எஞ்சிய முடி தோலுக்குள் ஒடுங்கிக்கொள்ள, விரலால் தடவினால் முகம் வழவழவென்று இருக்கும். பலருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் உங்களுக்கு அந்த வழவழப்பிலிருந்துதான் நோய் தொடங்குகிறது. ஆகவே ஒற்றை பிளேட் றேசருக்கு மாறுவதை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். அது முடியைத் தோலின் மட்டத்தில் வெட்டி நிறுத்தும். மாலையில் கையால் தடவும்போது கழுத்து சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வழவழப்புக்காக அதே றேசரால் மேலும் கீழுமாக மூன்று தடவை இழுப்பீர்களானால், மூன்று அலகு றேசர் செய்த வேலையை நீங்களே செய்தவர் ஆவீர்கள்.

ஆயினும், பிளேட்டை மாற்றிவிட்டு ஏனைய பழக்கங்களை அப்படியே வைத்திருந்தால் பயன் குறைவு. என்னிடம் வருபவர்களில் பலர் முகத்தில் நீரைத் தெளித்த அடுத்த நிமிடமே சேவ் எடுக்கிறார்கள். முடி கெராற்றின் என்ற புரதத்தால் ஆனது. அது நீரை உறிஞ்சி மென்மையாவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களாவது வேண்டும். காய்ந்த முடியை வெட்டக் கூடுதல் விசை தேவைப்படுவதால் கை தானாகவே அழுத்தும். அழுத்தினால் தோல் மேலெழுந்து பிளேட்டின் வாயில் அகப்படும். குளித்து முடித்த கையோடு சேவ் எடுங்கள். முடியாத நாளில், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாயை மூன்று நிமிடம் தாடியின் மேல் வைத்திருங்கள்.

நமது ஊருக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் நமது கிணற்று நீர் பெரும்பாலும் வன்மையானது. அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கசடாக மாறுவதால் நுரை எழும்பாது, எழும்பினாலும் நிலைக்காது. நுரை என்பது அழகுக்காகப் பூசுவது அன்று. முடியிலுள்ள ஈரத்தைக் காயவிடாமல் பிடித்துவைத்து, பிளேட் வழுக்கிச் செல்ல வழிசெய்வது அதுவே. கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அது நீரைக் கொதிக்கவைக்கும்போது பிரிந்து படியும் சுண்ணாம்புதான். எனவே கொதித்து ஆறிய நீரில், மேலே தெளிந்து நிற்பதை ஒரு குவளையளவு எடுத்து, நுரை அடிப்பதற்கு மட்டும் அதைப் பாவியுங்கள். மாரி காலத்தில் சேகரித்த மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. சேவிங் சவர்க்காரத்தை நனைத்த பிரஷினால் ஒரு நிமிடமாவது வட்டமாகத் தேயுங்கள். பிரஷ் தேய்க்கும்போது படுத்துக்கிடக்கும் முடிகளும் எழுந்து நிற்கும். உடம்புக்குப் போடும் வாசனைச் சவர்க்காரம் இதற்கு ஏற்றதல்ல.

சேவ் எடுப்பதற்கு முன், இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் தடவி எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் தடுக்கிறது என்று ஒருமுறை அறிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளரும். கழுத்திலோ பலருக்கு அது பக்கவாட்டாகவும் சிலருக்கு மேல்நோக்கியும் வளரும். வழுக்கும் திசையிலேயே, குறுகிய இழுப்புகளாக, ஒரே ஒரு தடவை மட்டும் இழுங்கள். றேசரின் தலை தோலோடு சுமார் 30 பாகை சாய்ந்திருக்கட்டும். பழைய மாதிரி றேசர் உலோகத்தால் ஆனதாகையால் அதன் எடையே வெட்டுவதற்குப் போதும். மற்றக் கையால் கழுத்துத் தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துப் பிடித்து வெட்டிய முடி, கையை விட்டதும் தோலுக்குள் போய்விடும். ஐந்தாறு தடவைக்கு ஒரு பிளேட் போதும். இழுபடுவதுபோல் தோன்றினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். எரிச்சலூட்டும் மதுசாரம் கலந்த வாசனைத் திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் இவையெல்லாம் இன்று தொடங்க வேண்டியவை அல்ல. முதலில் உங்கள் தோலுக்கு ஓய்வு கொடுங்கள்: நான்கு கிழமைக்குச் சேவ் எடுக்காதீர்கள். உள்ளே சிக்கிய முடிகளில் பெரும்பாலானவை சுமார் 1 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் சுருள்வில் நிமிர்வதுபோலத் தாமாகவே வெளியே வந்துவிடும். பாடசாலைக்குத் தாடியுடன் செல்வது சங்கடம் என்றால், மின்சார ட்ரிம்மரால் 1 மில்லிமீற்றர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். நுனி வெளியே தெரியும் முடியைச் சுத்தமான ஊசியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். பிடுங்கிவிடக் கூடாது, ஏனெனில் பிடுங்கிய இடத்தில் முளைக்கும் புதுமுடி மீண்டும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

நீங்கள் பெயர் குறிப்பிடாத அந்தக் கிறீம் எனக்குக் கவலை தருகிறது. பூசினால் அடங்கி, விட்டால் திரும்ப வருவது ஸ்ரெரொயிட் கலந்த கிறீம்களின் இயல்பு. பீற்றாமெதசோன் போன்ற வலுவான ஸ்ரெரொயிட்டை மாதக்கணக்கில் முகத்திலும் கழுத்திலும் பூசினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பங்கசு நோய் இருந்தால் அதன் உருவமே மாறி, வைத்தியர்கூட இனங்காண முடியாதபடி மறைந்துவிடும். அந்த டியூப்பை எடுத்துக்கொண்டு ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து தேவைப்பட்டால் வலுக்குறைந்த ஸ்ரெரொயிட்டான ஐதரோகோட்டிசோன் 1% சில நாட்களுக்கு மட்டும், அல்லது பென்சொயில் பெரொட்சைட்டு என்று, உங்களைப் பார்த்துவிட்டு அவர் தீர்மானிப்பார்.

அப்பாவின் கத்தியைப் பற்றி நீங்கள் கேட்டதை வாசித்தபோது, எங்கள் வீட்டு விறாந்தையில் சிறுவனாக இருந்து நான் பார்த்த காட்சி நினைவுக்கு வந்தது. மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பெரியவர்களுக்குச் சவரம் செய்தவரின் கை, கழுத்தின் ஒவ்வொரு வளைவையும் அறிந்து தோலை நிமிர்த்தும். கத்தி பட்டதே தெரியாது. பல வருடப் பயிற்சியால் கைகூடும் வித்தை அது. உங்கள் அப்பாவின் கைக்கும் அது வசப்பட்டிருக்கும். அவருடைய முடி நேராக வளர்ந்ததாகவும், அவர் நாள்தோறும் சேவ் எடுக்காதவராகவும்கூட இருந்திருக்கலாம். பரு வராததற்குக் கத்தி மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. உங்கள் நிலைக்கு அந்தக் கத்தி பொருந்தாது என்பதே என் கருத்து. மடக்குக் கத்தியால் பாதுகாப்பாகச் சேவ் எடுக்கத் தோலை இறுக்கி இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும். உங்கள் நோய்க்கோ அதையே செய்யக் கூடாது. றேசரில் பிளேட்டின் ஆழத்தைத் தடுக்கும் விளிம்பு ஒன்று இருக்கிறது, கத்தியில் அது இல்லை. பழகும் காலத்தில் வெட்டுக் காயம் நிச்சயம் படும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது அந்தக் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் இலகுவில் ஏற்படும்.

டெட்டோலை நம்ப வேண்டாம். ஈரலைத் தாக்கும் எப்பட்டைற்றிஸ் பி வைரசு காய்ந்த இரத்தத்தில் ஏழு நாட்களுக்குக் குறையாமல் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. அதை அழிப்பதற்கு டெட்டோல் போதுமானதல்ல. குளோரின் கரைசல் அழிக்கும், ஆனால் பழைய காபன் உருக்கை அது அரித்து, கத்தியின் வாயைக் கெடுத்துவிடும். தீட்டும் தோல்வாரையோ எந்த வழியிலும் முறையாகக் கிருமிநீக்க முடியாது. இதே காரணத்தால், உங்களுக்கும் மகனுக்கும் ஒரே றேசர் கூடாது. தந்தையும் மகனும் என்பதால் இரத்தத்தில் பரவும் நோய்க்கு விலக்கில்லை. தட்டை மருக்களும் பங்கசும்கூட இப்படிப் பரவும். பிரஷும் தனித்தனியாக இருக்கட்டும். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் எப்பட்டைற்றிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் சேர்க்கப்பட்டது. மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் அது கிடைத்திருக்கும்; உங்களுக்குக் கிடைத்திராது. நீரிழிவு உள்ளவராகையால், 0, 1, 6 ஆம் மாதங்களில் போடும் மூன்று ஊசிகளைப் பற்றி உங்கள் வைத்தியருடன் கதையுங்கள்.

சலூனுக்குச் செல்லும் நாட்களில், பிளேட்டை உங்கள் கண்முன்னே உறையிலிருந்து எடுத்து உடைத்துப் பொருத்துகிறார்களா என்று பாருங்கள்; கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிளேட்டைக் கவனிக்கும் பலர் படிகாரக் கட்டியைக் கவனிப்பதில்லை. முதல் ஆளின் வெட்டுக் காயத்தில் தேய்த்த அதே கட்டி அடுத்தவரின் காயத்திலும் தேய்க்கப்படுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுத்தமான பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே இரத்தம் நின்றுவிடும். அஸ்பிரின், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் இன்னும் கூடுதலான நேரம் அழுத்த வேண்டும். மரணத் துடக்குக் காலம் முழுவதும் சேவ் எடுக்காமலிருந்து, 31ஆம் நாள் கீரிமலையிலோ வேறிடத்திலோ அந்தியேட்டிக் கிரியையோடு தாடியை மழிப்பவர்கள், ஒரு புதுப் பிளேட்டைத் தம்முடன் கொண்டுசெல்வதும், நீண்ட தாடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்துக்கொள்வதும் நல்லது.

சீழ் வைத்த வலியுள்ள கட்டி, காய்ச்சல், வட்டமாகச் செதிலுடன் பரவும் படை, தொட்டதும் கழன்று வரும் தாடிமுடி, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், தடித்து வளரும் தழும்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், தாமதிக்காமல் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ உங்கள் வைத்தியரிடமோ செல்லுங்கள். மேலுதட்டிலும் மூக்கின் ஓரத்திலும் வரும் கட்டியை ஒருபோதும் பிதுக்க வேண்டாம். அங்கிருந்து தொற்று மூளைப் பக்கம் பரவக்கூடும். இரண்டு மூன்று மாதங்களாக, இரத்தச் சீனியின் சராசரி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்யவில்லையென்றால் இந்தக் கிழமையே செய்துகொள்ளுங்கள்.

பாவித்த பிளேட்டுகளைக் குப்பையோடு வளவில் கொட்டாதீர்கள். மூடியில் பிளவு வெட்டிய பால்மா ரின் ஒன்றைக் குளியலறையில் வைத்து அதற்குள் போட்டுவாருங்கள். நமது உப்புக்காற்றில் அப்பாவின் கத்தி விரைவில் துருப்பிடிக்கும். அதை நன்றாகத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.