டேஷ்கேம் வயரை மறைக்கும் முன் ஏர்பேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது ஆறு ஏர்பேக் உள்ள சின்ன ஹேட்ச்பேக் கார். டேஷ்கேம் வாங்கி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருக்கிறேன். வயர் கண்ணாடியிலிருந்து கியர் வரைக்கும் தொங்குகிறது. இரவில் காரைத் தெருவில்தான் நிறுத்துகிறேன். அப்போதும் கேமரா ஓட வேண்டும். அக்சஸரீஸ் கடையில் ஹெட்லைட் வயரில் ஜாயிண்ட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? பேட்டரி இறங்கிவிடாதா?"

ஹெட்லைட் வயரில் ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் வயரின் தோலைச் சீவி, கேமரா வயரைச் சுற்றி முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டுவார்கள். கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்த டேப்பின் பசை இளகி, டேப் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். செம்பு வெளியே தெரியும். அது பாடியில் எங்காவது தொட்டால் ஷார்ட். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஹெட்லைட் சர்க்யூட்டின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். டேஷ்கேமுக்கு வருவதோ நூல் மாதிரி மெல்லிய வயர். அந்த வயர் சூடாகி உருகத் தொடங்கினாலும் ஹெட்லைட் ஃபியூஸ் சும்மா உட்கார்ந்திருக்கும், அதற்கு அது பெரிய கரண்டே கிடையாது. ஃபியூஸ் என்பது வயரைக் காப்பாற்ற வைப்பது. வயருக்கு ஏற்ற ஃபியூஸ் இல்லை என்றால் ஃபியூஸே இல்லாத மாதிரிதான்.

கோவையில் என் பட்டறைக்கு இப்படி ஒரு கார் வந்தது. ஏசி போட்டால் பிளாஸ்டிக் கருகிய வாடை வருகிறது என்றார் உரிமையாளர். கிளவ் பாக்ஸைக் கழற்றினோம். உள்ளே டேஷ்கேம் வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருத்து, பக்கத்தில் இருந்த கம்பெனி வயரிங்கின் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. டேப் தனியாக ஒரு வளையம் போல வழுக்கி நின்றது. நல்ல வேளை, வாடையோடு நின்றுவிட்டது. இதே கேமராவை ஃபியூஸ் டேப் (ஒட்டும் டேப் இல்லை, ஃபியூஸ் பாக்ஸில் செருகும் ஒரு துண்டு, பின்னால் சொல்கிறேன்) வைத்து மாட்டியிருந்தால் ஒரு சின்ன ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவுதான்.

சரி, பேட்டரிக்கு வருவோம். நிறுத்தியிருக்கும்போதும் கேமரா ஓட வேண்டுமா என்பதுதான் மொத்த வேலையையும் தீர்மானிக்கிற கேள்வி. வீட்டுக்குள் ஷெட்டில் நிறுத்துபவர்களுக்கு இது தேவையே இல்லை என்பேன். சாவி போட்டால் ஓடி, எடுத்தால் நின்றால் போதும். உங்களுக்குத் தெருவில் நிறுத்தம், அதனால் கேட்பது நியாயம். ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் ஓடும் கேமரா 12 வோல்ட் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 6 ஆம்பியர் அவர். சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் அவர் அளவில் இருக்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பாதி காலி. அதிலும் பேட்டரி இரண்டு மூன்று வருடம் பழையது என்றால் செல்ஃப் எடுக்காது. தினமும் ஓட்டுகிற காருக்கு இது பிரச்சினை இல்லை, ஓட்டும்போது ஆல்டர்னேட்டர் நிரப்பிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய்வர இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு நிரம்பாது.

அதனால்தான் ஹார்டுவயர் கிட் என்று தனியாக விற்கிறார்கள். அந்தக் குட்டி டப்பா இரண்டு வேலை செய்கிறது. காரின் 12 வோல்டை கேமராவுக்கு வேண்டிய 5 வோல்டாகக் குறைக்கிறது. பேட்டரி வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் கேமராவைத் துண்டித்துவிடுகிறது. அந்த அளவை நீங்களே தேர்ந்தெடுக்கும்படி பல கிட்களில் சின்ன சுவிட்ச் இருக்கும், சில கேமராக்களில் மெனுவிலேயே இருக்கும். 11.6, 11.8, 12.0, 12.2 என்று எண்கள் போட்டிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு 12.2 வையுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றாலே ஏறத்தாழ பாதி இறங்கிவிட்டது. 11.6 வரைக்கும் விட்டால் காலையில் ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் தேட வேண்டியதுதான். கேமரா சில மணி நேரம் குறைவாக ஓடும், ஓடட்டும். உங்கள் கேமரா எந்தக் கிட்டைக் கேட்கிறதோ அதே கம்பெனிக் கிட்டை வாங்குங்கள். மலிவான வோல்டேஜ் டப்பாக்கள் எஃப்எம்மில் இரைச்சல் கொண்டுவரும், கேமராவையும் பாதியில் ரீஸ்டார்ட் ஆக்கும்.

கிட்டில் மூன்று வயர் வரும். வழக்கமாகக் கருப்பு எர்த், சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு, மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு. நிறத்தை நம்பாமல் வயரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பார்க்கிங் பதிவு சரியாக வேலை செய்யாது.

இப்போது ஃபியூஸ் பாக்ஸ். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். (பழைய ரேடியோவாக இருந்தால் பின்கோடு கேட்கலாம், முன்பே எடுத்து வையுங்கள்.) பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநர் பக்கமோ கிளவ் பாக்ஸ் பின்னாலோ இருக்கும். மூடியின் உள்பக்கம் அல்லது கார் கையேட்டில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். சிவப்பு வயருக்கு 12 வோல்ட் சாக்கெட்டின் ஃபியூஸ் நல்ல இடம். மஞ்சளுக்கு உள்விளக்கு, டோர் லாக், ஹசார்டு விளக்கு மாதிரி ஒன்று. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் இசியூ, ஃப்யூயல் பம்ப், பவர் ஸ்டீயரிங் என்று எழுதியிருக்கும் எதையும் தொடாதீர்கள். காலி இடமாக இருந்தாலும் அவற்றுக்குப் பக்கத்தில் ஏன் போக வேண்டும்?

ஒரு பொறி இருக்கிறது. புது கார்களில் பூட்டிவிட்டுப் போனால், பேட்டரியைச் சேமிக்க உள்விளக்கு சர்க்யூட்டைக் காரே சிறிது நேரத்தில் அணைத்துவிடும். பகலில் சோதிக்கும்போது கரண்ட் இருக்கும், இரவில் கேமரா செத்துக் கிடக்கும். மஞ்சள் வயருக்கான இடத்தை இறுதி செய்வதற்கு முன், நெகட்டிவ் மாட்டியிருக்கும் நிலையில் காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் மறுபடி பாருங்கள். சோதனைக்குப் பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் நவீன சர்க்யூட்டுகளுக்கு ஆகாது. ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் கனெக்டர்களில் எந்தச் சோதனைக் கம்பியையும் குத்தவே கூடாது.

ஃபியூஸ் டேப் என்பது பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு அதே துளையில் செருகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதில் இரண்டு இடம். ஒன்றில் காரின் சொந்த ஃபியூஸ் அதே ஆம்பியரில் போகும், மற்றதில் கேமராவுக்கான புது ஃபியூஸ். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். வாங்கும் முன் உங்கள் கார் ஃபியூஸ் ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என்று பல அளவு. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், காலின் நீளம் மாறும். பொருந்தாததை அமுக்கினால் ஃபியூஸ் பாக்ஸின் பிடி விரிந்துபோகும், அப்புறம் அந்த இடம் சூடாகும்.

செருகும் பக்கமும் முக்கியம். ஃபியூஸை எடுத்த துளையின் இரண்டு பல்லில் ஒன்றில்தான் கரண்ட் வரும். (இதைப் பார்க்கவும் நெகட்டிவைத் திரும்ப மாட்டி, மீட்டரால் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.) டேப்பின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவாக இருக்கும் கால், கரண்ட் வரும் பல்லில் இறங்க வேண்டும். அப்போதுதான் கார் தனி ஃபியூஸிலும் கேமரா தனி ஃபியூஸிலும் ஓடும். திருப்பிச் செருகினாலும் கேமரா வேலை செய்யும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கேமராவின் கரண்ட் காரின் பழைய ஃபியூஸ் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஃபியூஸ் பாக்ஸின் மூடி மூடவில்லை என்றால் வயரை நெரித்து மூடாமல் டேப்புக்கு வேறு இடம் பாருங்கள்.

கருப்பு வயரை பெயின்ட் இல்லாத இரும்பில், பாடியோடு திருகிய போல்ட்டில் மாட்டுங்கள். வளையத்தை போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்து இறுக்க வேண்டும். ஏர்பேக்குக்கான எர்த் பாயிண்டை விட்டுவிட்டு வேறு போல்ட். கேமரா அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த எர்த்தைத்தான்.

இனி மறைக்கும் வேலை. எனக்கு இதில்தான் கவலை அதிகம். கேமராவை முன்கண்ணாடியின் மேற்பகுதியில், ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் ஒட்டுங்கள். ஃபாஸ்டேக்கை மறைக்கக் கூடாது. அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் எச்சரிக்கை அமைப்பு) கேமரா இருக்கும் கார் என்றால் அதன் முன்னால் வரக் கூடாது. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் கருப்புப் புள்ளிகளின் மேல் பசை பிடிக்காது. அங்கிருந்து வயர் ரூஃப் லைனிங்கின் விளிம்புக்குள் போகும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, விரலால் லைனிங்கை லேசாகத் தூக்கி வயரை உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். பழைய ஏடிஎம் கார்டு ஒன்று போதும், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். வெளிர்நிற லைனிங்கில் விழும் கரியைத் துடைத்தாலும் தடம் நிற்கும்.

லைனிங் முடிந்து ஏ பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண்) வந்ததும் நிறுத்துங்கள். ஆறு ஏர்பேக் கார் என்றால் அந்தப் பில்லரின் பிளாஸ்டிக்குக்குப் பின்னாலிருந்து கதவுகளுக்கு மேலே நீளவாக்கில் கர்ட்டன் ஏர்பேக் மடித்துக் கிடக்கிறது. பில்லரில் ஏர்பேக் என்று பொறித்திருக்கும். விபத்தில் அது கண் இமைப்பதற்குள் பிளாஸ்டிக்கை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வயர் அதன் முன்னால் குறுக்கே கிடந்தால் பை சரியாக விரியாமல் போகலாம். இல்லை என்றால் வயரும் கிளிப்பும் முகத்தை நோக்கி வரலாம். கதவோர ரப்பர் பீடிங்குக்குள் வயரைச் சும்மா செருகினால் போதும் என்று காணொளிகளில் காட்டுவது, கர்ட்டன் ஏர்பேக் இல்லாத கார்களுக்கு மட்டுமே சரி.

ஒரு காரில் பில்லர் மூடியைக் கழற்றினேன். டேஷ்கேம் வயர் ஏர்பேக் துணியின் மேலேயே ஓடியது. அதோடு நிற்காமல், வயர் ஆடாமல் இருக்க ஏர்பேக்கையும் வயரையும் சேர்த்து நைலான் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். வெளியே பார்த்தால் ஒரு நூல் தெரியாத அழகான வேலை. அந்தக் காரில் ஒரு குடும்பம் வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறது. அந்த டையை வெட்டி எடுக்கும்போது என் கை நடுங்கியது.

சரியான வழி இது. நெகட்டிவைக் கழற்றிய பிறகு கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள், ஏர்பேக் யூனிட்டில் சேமித்திருக்கும் கரண்ட் இறங்க வேண்டும். பில்லர் மூடியை மேலிருந்து மெல்ல இழுங்கள். கிளிப் பாதியில் ஒரு பட்டையோடு பிடித்துக்கொண்டு நிற்கும், பிடுங்கக் கூடாது, திருப்பி விடுவிக்க வேண்டும். சில கார்களில் அந்தக் கிளிப்பை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், புதியது வாங்க வேண்டும். கேமரா வயர் ஏர்பேக்குக்குப் பின்னால், உலோகப் பில்லரை ஒட்டி, ஏற்கனவே கீழே இறங்கும் கம்பெனி வயரிங்கோடு சேர்ந்து இறங்க வேண்டும். அந்த வயரிங்கோடு துணி டேப்பால் சுற்றுங்கள். ஏர்பேக்கோடு எதையும் கட்டாதீர்கள். இதைப் படிக்கும்போதே தயக்கமாக இருந்தால் இந்த ஒரு பகுதியை மட்டும் உங்கள் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். "வயரைக் கட் பண்ணாதீங்க, ஃபியூஸ் டேப் போடுங்க, ஏர்பேக் பின்னாடி கொண்டு போங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பெனி வயரை வெட்டினால் மின்சாரப் பகுதிக்கான வாரண்டி மறுக்கப்படலாம் என்பதும் உங்கள் பக்கம் நல்ல காரணம்.

மிச்ச வயரை இறுக்கிச் சுருட்டாமல் நீளமான மடிப்பாக மடித்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுங்கள். ஓட்டுநர் பக்கம் ஃபியூஸ் பாக்ஸ் என்றால், கட்டு தளர்ந்து வயர் பிரேக் பெடலுக்கு மேல் தொங்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது. வோல்டேஜ் டப்பா ஓடும்போது வெதுவெதுப்பாகும், அதைப் பஞ்சில் சுற்றாதீர்கள்.

பின் கேமராவும் இருந்தால், டிக்கி கதவுக்குப் போகும் ரப்பர் குழாய் வழியாகவே வயரைக் கொண்டு போங்கள். வெளியே விட்டால் கதவு திறந்து மூடுகிற இடத்தில் மாதக்கணக்கில் மடங்கி அறுந்துவிடும். கதவை முழுசாகத் திறந்து வைத்து, அந்த நிலையில் வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள். கேமரா உள்ளே லித்தியம் பேட்டரி உள்ளதா கெபாசிட்டரா என்றும் பாருங்கள். நம்மூர் வெயிலில் பேட்டரி உள்ளவை உப்பிக்கொள்கின்றன. அடுத்து வாங்கும்போது கெபாசிட்டர் கேமரா வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் நெகட்டிவைப் போட்டு சாவியைத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஓட்டாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். அணைந்தால் அன்று இரவு தெருவில் நிறுத்தி, காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். நல்ல பேட்டரிக்கு ஓர் இரவில் 12.4க்குக் கீழே போகக் கூடாது. போனால் பார்க்கிங் பதிவை அணைத்துவிட்டுப் பேட்டரியைச் சோதனைக்குக் கொண்டு போங்கள்.