ஃபாக் லைட் நானே மாட்டினேன், இப்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை, 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?

இன்றைக்கு மாற்றாதீர்கள். நேற்று வரை ஓடிய வண்டியில், நீங்கள் ஸ்பேனர் எடுத்த அதே நாளில் பேட்டரியும் தானாகச் சாகிறது என்பது அபூர்வம். கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும், அதிலும் எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸ் வண்டியின் பாடியோடும் இன்ஜினோடும் சேரும் இணைப்பில்.

ஒயர் இழுக்க வசதியாகப் பேட்டரியையும் அதன் தட்டையும் கழற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். தட்டுக்குக் கீழே பாடியில் துரு பிடித்திருந்தது. அதை அப்படியே விட மனம் வராமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். என் வண்டியில் பேட்டரி மைனஸ் கேபிள் ஒரு போல்ட்டில், அந்த இடத்தில்தான் பாடியோடு சேருகிறது. இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை பாடியில் வேறு இடத்திலிருந்து போகிறது.

சாயங்காலம் சாவியைத் திருகினேன். 'டக்'. திரும்பவும் 'டக்'. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, புது ஃபாக் லைட்டும் எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை திருச்செங்கோட்டிலிருந்து கோவைக்கு அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தப் பதற்றத்தில் பேட்டரிக் கடைக்கு ஓடினேன். பழையதை அளந்துகூடப் பார்க்காமல் புதியதை எடுத்துக் கொடுத்தார்கள், 4,200 ரூபாய். மாட்டினேன். 'டக்'. கடைசியில் டாக்ஸியில் போனோம். வழி முழுக்க அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையில் இருந்த பெயின்ட் கறையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். பானெட்டைத் திறந்தவர் எதையும் கழற்றவில்லை. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் மேல் ஒரு வெற்று இரும்பிலும் கவ்வவிட்டு, "இப்ப அடிங்க தம்பி" என்றார். முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது. பிறகு அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு சுரண்டு சுரண்டினார். கறுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை இரும்பு மின்னியது. "எர்த்துக்கு மேலயே பெயின்ட் அடிச்சிருக்கீங்களே தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை.

விளக்கு எரிந்ததுதான் என்னை ஏமாற்றியது. ஹெட்லைட்டுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர் போதும், போல்ட்டின் மரை வழியாகக் கிடைக்கும் அரைகுறைத் தொடர்பிலேயே அது போய்விடும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு முழு முகமும் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டும். அதனால் 'லைட் எரியுது, கனெக்‌ஷன் சரிதான்' என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, உங்களுக்கு வருவோம். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். பேட்டரியின் இரண்டு முனையிலும் சும்மா இருக்கும்போது 12.4, 12.6 என்று காட்டினால் சார்ஜ் இருக்கிறது. அடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு வேறு ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையென்றால் அந்தப் பெரியவர் செய்த மாதிரி ஜம்பர் கேபிள் போதும். சார்ஜே குறைவாக இருந்தால், சாவியை எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் மாட்டிய ரிலேயை, அதாவது ஃபாக் லைட்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் அந்தச் சின்னப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சுவிட்ச் ஒயரைச் சாவிக்குக் கட்டுப்படாத லைனில் கொடுத்திருக்கிறீர்கள், ராத்திரி முழுக்க அது கரண்ட் குடிக்கும். எதைக் கழற்றினாலும் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ப்ளஸில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

'தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறீர்கள், வண்டி எரிந்தால் என்ன செய்வீர்கள்' என்று யாராவது இங்கே வருவார்கள், எப்போதும் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஃப்யூஸ் இல்லாமல் நான் ஒரு ஒயரும் இழுத்ததில்லை, 10 ஆம்பியர் ஃப்யூஸ் போன இடத்தில் 20 போட்டதும் இல்லை. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் போனதே இல்லை, நீங்களும் போகாதீர்கள். நான் செய்தது ஒரு தவறு. அதைச் செய்ததால்தான் எர்த் என்றால் என்னவென்று புரிந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு விஷயத்தில். வண்டியோடு வந்த கையேட்டை அன்றைக்கு ராத்திரி டார்ச் அடித்துப் புரட்டினேன், தமிழில் ஒரு பக்கம் இல்லை. மிக்ஸிக்கும் அப்படித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கினேன், எறும்பு எழுத்தில் நாலு மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. கண் தெரியாத வயதில், தன் விரலைக் குத்தி ரத்தம் எடுக்கும் ஒருவர், ஒவ்வொரு முறையும் மகனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமா? நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்த்து அவரே எடுத்துக்கொள்கிறார்.

அப்புறம், எர்த் போல்ட்டை மாட்டி முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துரு ஏறாது. சாவி திருகும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள், ராத்திரி வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்.