தம்பியின் சிறுநீரகக் கட்டி: மரபணுச் சோதனை எதைச் சொல்லும்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் தம்பிக்கு வயது 34. சிறுநீரில் ரத்தம் வந்ததால் ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் 6 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்து, இரண்டு மாதங்களுக்கு முன் அந்தச் சிறுநீரகத்தையே அகற்றினார்கள். கட்டி சிறுநீரகத்தைத் தாண்டவில்லை, வெட்டு விளிம்பில் புற்று இல்லை, நிணநீர்க் கணுக்களிலும் இல்லை என்கிறது பயாப்சி அறிக்கை. ஆனால் ‘எஃப்.எச். குறைபாடுள்ள சிறுநீரகப் புற்றுநோய்’ என்றும், மரபணுச் சோதனை தேவை என்றும் அதில் எழுதியிருக்கிறது. செல்போனில் தேடியபோது, இந்த நோய் வந்தவர்கள் ஓரிரு ஆண்டுகள்தான் இருப்பார்கள் என்று படித்தேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு வயது 38. 27 வயதில் கர்ப்பப்பை நார்க்கட்டிகளை அறுவை செய்து எடுத்தார்கள். அம்மாவுக்கு 33 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். நான் மணந்திருப்பது தாய்மாமன் மகனை. 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். சோதனை செய்தால் தம்பி எத்தனை காலம் இருப்பான் என்று தெரிந்துவிடுமா? நாங்கள் எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தூக்கத்தைப் பறித்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரபணுச் சோதனை ஆயுளைக் கணிக்கும் சோதனை அல்ல. உங்கள் தம்பியின் எதிர்காலத்தைப் பற்றி இன்று அதிகம் சொல்லக்கூடியது, ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பயாப்சி அறிக்கைதான். 7 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி, சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது, விளிம்பு சுத்தம், கணுக்களில் பரவல் இல்லை என்றால், அது முதல் கட்டம். நீங்கள் செல்போனில் படித்த கணக்கு பெரும்பாலும் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எலும்புக்கோ நோய் பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பற்றியது. இந்த நோய் பலருக்கும் அந்த நிலையில்தான் வெளிப்படுகிறது என்பதால் அந்த எண்களே எங்கும் தென்படுகின்றன. அந்தக் கணக்கைத் தம்பியின் தலையில் ஏற்றிப் பார்க்காதீர்கள்.

அதே சமயம் உங்களுக்குப் பொய்யான ஆறுதலும் சொல்ல மாட்டேன். மற்ற பல சிறுநீரகப் புற்றுகளைப் போல இது நிதானமாக வளர்வதில்லை. 3 சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டியிலிருந்துகூடப் பரவியிருக்கிறது. ஆகவே முதல் கட்டம் என்று எழுதியிருந்தாலும், தம்பியின் மார்பையும் வயிற்றையும், குறிப்பாக எஞ்சியிருக்கும் வலது சிறுநீரகத்தையும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தவறாமல் ஸ்கேன் செய்துவர வேண்டும். ‘ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை’ என்று நிறுத்திவிடக் கூடாது.

எஃப்.எச். என்பது ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்னும் நொதியின் சுருக்கம். நம் செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சுழற்சியில், ஃபியூமரேட் என்ற பொருளை அடுத்த பொருளாக மாற்றுவது இதன் வேலை. இதற்கான மரபணு ஒன்றாம் குரோமோசோமில், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர், மற்றொன்றின் துணையில் நலமாகவே வாழ்கிறார். ஏதோ ஒரு சிறுநீரகச் செல்லில் அந்த நல்ல பிரதியும் பழுதாகிவிட்டால், ஃபியூமரேட் தேங்குகிறது. ஆக்சிஜன் இருந்தும் இல்லாததுபோல் அந்தச் செல் நடந்துகொண்டு, சர்க்கரையை வாரி விழுங்கிப் பெருகுகிறது. நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, செல்லின் உட்கருவுக்குள் சிவந்த பெரிய புள்ளியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அதைக் கண்ட பிறகுதான் அவர், எஃப்.எச். நொதி இருக்கும் செல்லில் மட்டும் நிறம் ஏறும் எஃப்.எச். சாயமிட்டுப் பார்த்திருப்பார், புற்றுச் செல்களில் சாயம் ஏறவில்லை என்பதையே ‘குறைபாடு’ என்று எழுதியிருக்கிறார். இதைக் கவனித்து எழுதிய மருத்துவருக்கு உங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இதே நோய் பல காலம் ‘பாப்பிலரி இரண்டாம் வகை’ என்ற பொதுப் பெயரில் போய்க்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாட்டில்தான் இன்றைய பெயரில் தனி இடம் பெற்றது.

பரம்பரைத் தொடர்பை முதலில் எடுத்துக்காட்டியவை ஃபின்லாந்துக் குடும்பங்கள். 2002இல் மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலுமே கர்ப்பப்பை நார்க்கட்டிகள் வந்தன. உங்கள் கடிதத்தில் 27, 33 என்ற இரண்டு வயதுகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நார்க்கட்டி நம் பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது, அது மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் இந்த வயதில், தாய்க்கும் மகளுக்கும், கூடவே மகனுக்கு இந்தப் புற்று என்றால் மரபுவழி நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று வலுவாக எண்ணத் தோன்றுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். தம்பியின் மேற்கையிலோ முதுகிலோ நெஞ்சிலோ பயறு அளவில், தோல் நிறத்திலோ செம்பழுப்பாகவோ கெட்டியான முண்டுகள் கூட்டமாக இருக்கின்றனவா? அழுத்தினாலோ குளிர்ந்த நீர் பட்டாலோ சுரீரென்று வலிக்கின்றனவா? மார்கழிக் குளியலில் மட்டும் தோள் வலிக்கிறது என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்துவந்த ஒருவரின் சட்டையைக் கழற்றச் சொன்னபோது அந்த முண்டுகளைத்தான் கண்டேன்.

இனிச் சோதனைக்கு வருவோம். எல்லோரும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் தம்பிக்கு மட்டும் போதும். கட்டியின் திசுவில் செய்யும் சோதனை வேறு, ரத்தத்தில் செய்வது வேறு. கட்டியில் மட்டும் இரண்டு பிரதிகளும் பழுதாகி, பிறவியில் எந்தக் குறையும் இல்லாதவர்களும் சிலர் உண்டு. பிறவியிலேயே வந்ததா என்பதை ரத்தம்தான் சொல்லும். எழுத்துப் பிழை போன்ற சிறு மாற்றங்களோடு, மரபணுவின் ஒரு பகுதியோ முழுவதுமோ காணாமல் போயிருக்கிறதா என்றும் பார்க்கும்படி ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு ‘நோய் விளைவிக்கும் மாற்றம்’ என்று வந்தால் வழி தெளிவு. ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று வந்தால் அதை வைத்து மற்றவர்களுக்குச் சோதனை செய்யக் கூடாது. மரபியல் மருத்துவர் கட்டியின் சாய முடிவையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கென்றே மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. போகும்போது தம்பியின் பாரஃபின் பிளாக்கையும் (அகற்றிய திசுவை மெழுகில் பதித்துப் பாதுகாக்கும் கட்டி), நார்க்கட்டி எடுத்த மருத்துவமனையில் உங்களுடைய பிளாக் இன்னும் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். 11 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு சீவல் எடுத்து எஃப்.எச். சாயமிட்டுப் பார்க்க முடியும்.

தம்பியிடம் மாற்றம் உறுதியானால், உங்களுக்கும் அது இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்குத் தேடவேண்டியது அந்த ஒரு மாற்றத்தை மட்டுமே, செலவும் குறையும். இல்லையென்று வந்தால், உங்கள் வழியாகக் குழந்தைகளுக்கு அது போயிருக்க முடியாது. இருக்கிறது என்று வந்தாலும் புற்று வந்தே தீரும் என்று பொருளில்லை; வாழ்நாளில் சுமார் 15 சதவீதம் என்பதே பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பு. ஆனால் ஆண்டுக்கொரு முறை சிறுநீரகங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முழு உடல் பரிசோதனையில் செய்யும் அல்ட்ராசவுண்டை நம்பி இருந்துவிடாதீர்கள், இந்தக் கட்டிகள் சிறிதாக இருக்கும்போது அதற்குத் தப்பிவிடும். வேறு சில பரம்பரைச் சிறுநீரகக் கட்டிகளை 3 சென்டிமீட்டர் வரை கண்காணித்துக் காத்திருப்போம். இதில் காத்திருப்பதில்லை, கண்டவுடன், சுற்றிலும் நல்ல திசுவையும் தாராளமாகச் சேர்த்து அகற்றிவிடுகிறோம். இந்தச் சோதனை உயிரைக் காப்பது இந்த இடத்தில்தான்.

தம்பிக்கும் அதனால் பயன் உண்டு. இப்போது அவருக்கு எந்த மருந்தும் தேவைப்படாமல் இருக்கலாம். ஒருவேளை பின்னால் நோய் தலைகாட்டினால், இந்த மரபுவழி வகைக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை ஊசியாக ஏற்றும் பெவாசிசுமாபும் தினமும் விழுங்கும் எர்லோட்டினிப் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நிலையிலிருந்த இத்தகைய நோயாளிகள் 43 பேரில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேருக்குக் கட்டிகள் சுருங்கின.

நீங்கள் தாய்மாமன் மகனை மணந்திருப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் அம்மாவின் பிறந்த வீட்டு வழியாக வந்திருந்தால், உங்கள் மாமனாருக்கும் அவர் வழியாகக் கணவருக்கும் அது இருக்கக்கூடும். கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாகச் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அது புற்றுநோய் அல்ல. குழந்தைப் பருவத்திலேயே மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும் வேறொரு நோய். உங்கள் பெண்கள் நலமாக வளர்ந்து வருவதால் அந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. ஆனால் உங்களிடம் இல்லை என்று வந்தாலும், கணவரிடம் இருந்தால் பெண்களுக்கு ஒற்றைப் பிரதி வந்திருக்கலாம். ஆகவே தம்பிக்குப் பிறகு நீங்களும் அம்மாவும், அம்மாவிடம் இருந்தால் மாமனார் என்று போங்கள். மாமனாரிடம் இல்லையென்றால் கணவருக்குச் சோதனையே வேண்டாம். உங்களிடமோ கணவரிடமோ இருந்தால் மட்டும் குழந்தைகள். கண்காணிப்பு 8 முதல் 10 வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் மூத்தவளுக்கு உடனே செய்யுங்கள். இளையவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.