பெப்பர்மின்ட் ஏஞ்சல் மீன் ஏன் இவ்வளவு அரிது, ஏன் இவ்வளவு விலை?

மீன் அரிதா இல்லையா என்பதைவிட, அது வாழும் ஆழம்தான் காரணம். இந்தக் கடல் அலங்கார மீன், தென் பசிபிக்கிலுள்ள குக் தீவுகளின் ரரோடோங்காத் தீவையொட்டி, ஏறத்தாழ 50 முதல் 120 மீட்டர் ஆழப் பாறைச் சரிவுகளில் வாழ்கிறது. 1992-இல் மீனியல் ஆய்வாளர்கள் பைல், ராண்டல் இருவரும் அறிவியல் பெயரிட்டார்கள். நீளம் 7 சென்டிமீட்டர்தான். சிவப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள். அந்த ஆழத்தில் சிவப்பு ஒளி எட்டாததால், அங்கே அது கருமையாகத்தான் தெரியும்.

முக்குளிப்பவர் சாதாரணக் காற்றுடன் அங்கே இறங்கினால் நைட்ரஜன் மயக்கம் வரும். ஹீலியம் கலந்த வாயு வேண்டும். சில நிமிட வேலைக்கு, மேலேறப் பல மணி நேரம்.

மீனை உயிரோடு கொண்டுவருவதுதான் பெரும்பாடு. 100 மீட்டரில் அழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் 11 மடங்கு. மேலேற ஏற, மீனை மிதக்கவைக்கும் நீந்துபையிலுள்ள வாயு விரியும். அது இரத்தம் வழியாக மெதுவாகத்தான் வெளியேறும். கடைசி 10 மீட்டர்தான் மோசம்: அங்கேயே வாயுவின் அளவு இருமடங்காகும். அவசரப்பட்டால் கண் பிதுங்கும், குடல் வெளித்தள்ளும். அதனால் படிப்படியாக நிறுத்தி ஏற்றுவார்கள். அல்லது மெல்லிய ஊசியை மார்புத்துடுப்புக்குப் பின்னால், செதிலுக்கு அடியில் சாய்வாகச் செலுத்தி வாயுவை எடுப்பார்கள். ஊசி ஆழமாகப் போனால் உள்ளுறுப்பு கிழியும். சுத்தமில்லாவிட்டால் சீழ் பிடிக்கும்.

பிழைத்த மீனுக்கு மங்கிய வெளிச்சமும் ஒளிந்துகொள்ளப் பொந்துகளும் கொடுங்கள். பளிச்சென்ற பவளத்தொட்டி இதற்குப் பொருந்தாது.