நடைக்குழுவும் மார்பகச் சோதனையும்: வாசகியர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் சாயங்காலம் சேர்ந்து நடக்கலாம் என்று பேச்சு. "காலையிலிருந்து களை எடுக்கிறவளுக்கு நடை எதற்கு?" என்கிறார்கள் சிலர். நடந்தால் மார்பகப் புற்றுநோய் வராது என்று சொல்லி அழைக்கலாமா?
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அப்படிச் சொல்லி அழைக்காதீர்கள். உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அடியோடு தடுக்காது. மாதவிடாய் நின்றபின், மார்பகப் புற்றைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உருவாகிறது. எடை ஏறினால் அதுவும் ஏறும்; நடை உதவுவது முக்கியமாக அங்கே. "தினம் நடக்கிறேன், எனக்கென்ன" என்று கட்டியை மறைத்துக்கொண்டு யாரும் இருந்துவிடக் கூடாது.

களை எடுப்பதும் உழைப்புதான். ஆனால் வேலை இல்லாத மாதங்களும் உண்டே, அப்போது வரட்டும். நடவு நேரத்தில் வற்புறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்: ஐந்து நாள், அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஊர்க்கதை பேசி ஆற அமர நடப்பது இந்தக் கணக்கில் வராது. வாரம் இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுவது 10 முறை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது 10 முறை. இளைப்பாறிவிட்டு இன்னொரு சுற்று.

குழுவாகச் சேர்வதன் பெரிய லாபம் வேறு. 30 வயது தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மார்பகச் சோதனை செய்துகொள்ளலாம். தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களும் வந்துவிடுவார்கள். கையால் பார்க்கிற சோதனைதானே என்று நினைக்க வேண்டாம். மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் சோதித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழான வயதில் குறையவில்லை.

கேள்வி: நானே தடவிப் பார்த்தால் எங்கு தொட்டாலும் கட்டி கட்டியாகத் தெரிகிறதே?

பதில்: விரல் நுனியால் கிள்ளிப் பிடித்தால் சாதாரணச் சுரப்பியும் கட்டியாகத்தான் தெரியும். நடு மூன்று விரல்களைத் தட்டையாக வையுங்கள். மாதவிடாய் தொடங்கிய 7 முதல் 10ஆம் நாளுக்குள் பாருங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மார்பு கனத்திருக்கும். படுத்துக்கொண்டு, பார்க்கிற பக்கத் தோளுக்கடியில் மடித்த துண்டு, அந்தக் கை தலைக்குப் பின்னால். காறை எலும்பு முதல் மார்பின் அடி வரை, அக்குளையும் சேர்த்து, ஏர் ஓட்டுவது போல் சால் சாலாக: முதலில் லேசாக, பிறகு சற்று அழுத்தி, கடைசியில் விலா தட்டும் வரை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் புதிய கட்டி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, குழி விழுந்த தோல், அக்குளில் நெறி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. இப்படிப் பார்த்துக்கொள்வது செவிலியரின் சோதனைக்கு மாற்று அல்ல.

கேள்வி: ஊசி வைத்துச் சதை எடுத்தால் நோய் பரவிவிடுமாமே?

பதில்: பரவாது. எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்பது அந்தச் சதைத் துணுக்கில்தான் தெரியும். அதைப் பார்க்காமல் கட்டியை நேரே அறுத்து எடுப்பதுதான் தவறு. இரண்டாவது அறுவைக்கு அதுவே காரணமாகிவிடும். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.