எஃப் கார்டு வரவில்லையா? விரலைக் குறை சொல்லும் முன் கிட்டாரைப் பாருங்கள்

கேள்வி: சி, ஜி, டி, ஏ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) நன்றாக வருகின்றன. எஃப் மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் பாதிக் கம்பிகள் ஒலிப்பதில்லை. என் கை சிறியது, சுண்டு விரலும் குட்டை. எனக்கு இது வராதா? கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) வைத்தே சமாளித்துவிடலாமா?

வரும். கை அளவுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கிட்டார் சொல்லித் தருகிறேன். பத்து வயதுச் சிறுமியின் கையில் கணீரென்று கேட்ட எஃப் கார்டு, ஆறடி உயர இளைஞரின் கையில் மொத்தென்று விழுவதைப் பார்த்திருக்கிறேன். "உன் கை சின்னது, உனக்கு இது ஒத்துவராது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெண்களிடம்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. "விடாமல் அழுத்து, தானாக வரும்" என்பதும் அதே அளவு தவறான அறிவுரை. வேண்டாத இடத்தில் பலம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மணிக்கட்டு வலிதான் மிஞ்சும்.

முதலில் உங்கள் கிட்டாரைச் சோதியுங்கள். தடித்த ஆறாம் கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியும் அதற்கு முந்தைய கட்டமும் ஃப்ரெட்தான்) அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அந்தக் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு தலைமுடி நுழையும் இடைவெளி போதும். தபால் அட்டை தாராளமாக நுழைகிறது என்றால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) உள்ள பள்ளங்கள் போதிய ஆழத்தில் அறுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட கிட்டாரில் எஃப் பிடிக்க எனக்கே சிரமமாக இருக்கும். நட்டுக்கு அடுத்ததே முதல் ஃப்ரெட் என்பதால் அங்கே கம்பி எளிதில் வளைந்து கொடுக்காது. நட் உயரமாக இருந்தால் அதன் முழுச் சுமையும் எஃப் மேல்தான் இறங்கும். விலை குறைந்த புதுக் கிட்டார்களில் இந்தக் குறை மிகச் சாதாரணம். எல்லாக் கம்பிகளையும் இப்படியே பாருங்கள். பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: ஆறாம் கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் நல்லது, 3.5ஐத் தாண்டினால் கை வலிப்பதில் வியப்பில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் மேற்பலகை சற்று உப்பி, கம்பிகள் உயர்ந்துவிடுவதும் உண்டு.

இதையெல்லாம் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து, வாங்கிக்கொள்ளுங்கள். நட்டை நீங்களே அறுக்க வேண்டாம். ஆழம் கூடிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும், நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கம்பி மாற்றும்போது மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலத் தடிமனில் தொடங்கும் செட்டுக்குப் பதிலாக, அதைவிட மெல்லிய 0.010 செட் கேட்டு வாங்குங்கள். உடனடியாக வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. ஆறு கம்பிகளையும் அரை சுரம் இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும், நட்டின் உயரமும் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

இனி விரல்கள். எஃப் ஒரு பார் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பது. அதில் ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்தியாக வேண்டும் என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கம்பியாக எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் கம்பியை மோதிர விரலும், நான்காம் கம்பியைச் சுண்டு விரலும் மூன்றாம் ஃப்ரெட்டில் பிடித்துவிடுகின்றன. மூன்றாம் கம்பியை நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டில் பிடிக்கிறது. ஆள்காட்டி விரலின் பொறுப்பில் மீதி இருப்பவை மூன்றே கம்பிகள்: ஆறாவது, இரண்டாவது, முதலாவது. நடுவில் உள்ள மூன்றின் மேல் அது சும்மா கிடந்தால் போதும். இதை உணர்ந்ததும் பல பிள்ளைகள் அந்த விரலை விறைப்பாக நீட்டி நசுக்குவதை விட்டுவிடுகிறார்கள். விரல் இயல்பாகக் கொஞ்சம் வளைந்திருக்கலாம்; முனையும் அடிப்பகுதியும் பட்டால் வேலை நடக்கும்.

விரலின் உள்பக்கச் சதை மெத்தென்றிருக்கும், கம்பி அதில் புதைந்துவிடும். அதனால் விரலை நட்டின் பக்கமாகச் சற்றே உருட்டி, கட்டைவிரலைப் பார்த்திருக்கும் எலும்புப் பக்கத்தால் அழுத்துங்கள். ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல் வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஒரு கம்பி, பெரும்பாலும் இரண்டாவது, மந்தமாகவே ஒலித்தால் விரலை எடுத்து அதில் பதிந்திருக்கும் தடங்களைப் பாருங்கள். கம்பிகளின் கோடுகள் தெளிவாகத் தெரியும். கெட்டுப்போகிற கம்பியின் கோடு பெரும்பாலும் விரல் மூட்டின் மடிப்புக்குள்ளேயே விழுந்திருக்கும். விரலை இரண்டு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், அழுத்தத்தைக் கூட்டாமலேயே ஒலி தெளிந்துவிடும். யாருக்கு எங்கே மடிப்பு விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதைப் புத்தகப் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது.

பலம் கட்டைவிரலிலிருந்து வர வேண்டியதில்லை. வலது முன்கை கிட்டாரின் உடலை நெஞ்சோடு அணைத்திருக்கட்டும், இடது முழங்கை தளர்ந்து தொங்கட்டும். கை முழுவதும் கழுத்தைப் பின்னால் இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி கட்டைவிரலை எடுத்துவிட்டு மீட்டிப் பாருங்கள், ஒலி வருவது தெரியும். விரல் நுனி எரிவது இயல்பு, சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். மணிக்கட்டோ கட்டைவிரலின் அடியோ வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

பயிற்சியை முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். கம்பியின் ஒலிக்கும் பகுதி 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர், ஐந்தாவதன் அகலம் 29 தான். உங்கள் குட்டைச் சுண்டு விரலுக்கு அந்த ஏழு மில்லிமீட்டர் பெரிய சலுகை. அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் அது ஏ கார்டு. அங்கே சுத்தமாக ஒலித்ததும் நான்குக்கு வாருங்கள், பிறகு மூன்று, இரண்டு, கடைசியாக ஒன்று. அவசரம் வேண்டாம். இன்னொரு பக்கம், சாதாரண ஈ கார்டை ஆள்காட்டி விரல் இல்லாமல் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரலால் பிடித்துப் பழகுங்கள். அப்படியே ஒரு ஃப்ரெட் நகர்த்தி, கடைசியாக ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தால் அதுதான் எஃப். முதலில் பாரைப் போட்டுவிட்டு மற்ற விரல்களைத் தேடுகிறவர்களுக்குத்தான் மாற்றும் வேகம் வராமல் போகிறது.

அதுவரை பாட்டை நிறுத்த வேண்டாம். எஃப் மேஜர் செவன் பிடியுங்கள். சி கார்டிலிருந்து ஆள்காட்டி விரலை எடுக்காமல் மோதிர விரலையும் நடுவிரலையும் ஆளுக்கொரு கம்பி கீழே இறக்கினால் அது வந்துவிடும். மேலே உள்ள இரண்டு தடித்த கம்பிகளை மட்டும் மீட்டாதீர்கள். பல பாடல்களில் அது எஃப்பைவிட அழகாகவே பொருந்துகிறது. எஃப் மைனரைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நடுவிரல் தேவைப்படாததால் எளிது என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். அதில் மூன்றாம் கம்பியும் ஆள்காட்டி விரலின் தலையில் விழுகிறது.

கேப்போ கேள்விக்கு வருகிறேன். கேப்போ நல்ல கருவி, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நம் ஊரில் கிட்டார் பெரும்பாலும் பாடுகிறவருக்குத் துணையாக உட்காருகிறது. பாடுகிறவர் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார். ஒரு கட்டை என்றால் சி, நான்கு என்றால் எஃப், நான்கரை என்றால் எஃப் ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கர்நாடக இசை பயின்ற பெண்களில் பலர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள். நான்கரையும் ஐந்தரையும் திறந்த கம்பிக் கார்டுகளில் கிடைக்காது. கேப்போ மாட்டித் தொடங்கினாலும், பாட்டின் நடுவே வரும் ஒரு மைனர் கார்டு உங்களை மறுபடி பாரில்தான் கொண்டுவந்து நிறுத்தும். ஈ கார்டின் வடிவம், ஏ கார்டின் வடிவம் இரண்டும் பாராக வந்துவிட்டால் பன்னிரண்டு சுருதியிலும் மேஜர், மைனர் எல்லாம் உங்கள் கையில். பாடுகிறவரிடம் "அரைக் கட்டை இறக்க முடியுமா?" என்று கேட்கும் நிலை இருக்காது. அவருடைய குரலுக்கு எது வசதியோ அதில் அவர் பாடலாம். நான் பிள்ளைகளை எஃப் பிடிக்க வைப்பதே இதற்காகத்தான்.

எஃப் வந்த பிறகு அடுத்து மிரட்டுவது பி மைனர். அதையும் இதே கண்ணோடு பாருங்கள்: இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் ஒலிக்க வைக்க வேண்டியவை ஐந்தாம் கம்பியும் முதல் கம்பியும் மட்டுமே. விரல் நுனி ஆறாம் கம்பியை லேசாகத் தொட்டு அதை ஊமையாக்கினால் போதும். எஃப்பில் மூன்று கம்பிகளைக் காப்பாற்றிய விரலுக்கு இது கூடுதல் வேலையே அல்ல.